ஓடாதவனுக்கு வட்டம்

ஜூன் 8, திங்கள்

போன மாதம் ஹெட்செட்டைச் சுவரில் அடித்து உடைத்தேன். அதற்குத் தண்டனை இந்த எழுத்து. எச்.ஆர். அனுப்பிவைத்த ஆலோசகர் அம்மா, "கோவம் வந்தா கையில எதையும் எடுக்காதீங்க, பேனாவை எடுங்க" என்றார். பேனாவாலும் குத்தலாம் மேடம் என்றேன். சிரிக்கவில்லை. தினமும் எழுதச் சொல்லிவிட்டார். சரி.

இளம்பரிதி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஒரு செய்தி சேனலில் எடிட்டிங்கும் கிராபிக்ஸும் பார்க்கிறேன். வேலை என்ன என்று அம்மா கேட்டால், "டிவில எழுத்து வருதுல்ல, அது நான்" என்பேன். அம்மா அதை உறவுக்காரர்களிடம் "பையன் டிவில எழுதுறான்" என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

செய்தி எப்படி நடக்கிறது என்று எவனுக்கும் தெரியவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். ரன்டவுன் என்று ஒரு வரிசை உண்டு. எது முதலில், எது அடுத்து, எத்தனை நொடி, எல்லாம் அதில் இருக்கும். மேலே ஐந்து தலைப்புச் செய்திகள். ஐந்துக்கும் படம் வேண்டும். படம் இல்லாத செய்தி கீழே இறங்கும், இன்னும் இறங்கும், கடைசியில் திரைக்கு அடியில் ஓடும் எழுத்தில் போய்ச் சாகும். இன்று ஒரு ஊரில் தெருவே வாந்திபேதியில் கிடந்தது. படம் இல்லை. ஓடும் எழுத்து. இன்னோர் ஊரில் மாடு கிணற்றில் விழுந்தது. படம் உண்டு. மூன்றாம் தலைப்பு. அநியாயம் என்பவனை என் நாற்காலியில் உட்காரவைக்கிறேன். கறுப்புத் திரையை எவன் பார்ப்பான்?

எட்டு நொடிப் படம் கிடைத்தால் அதையே சுற்றிச் சுற்றி விடுவோம். ரத்தம் இருந்தால் மங்கலாக்க வேண்டும், அது சட்டம். மங்கலாக்கினால்தான் அங்கே ரத்தம் இருப்பது தெரியும், அது தொழில்.

ஜூன் 9, செவ்வாய்

பைக் செயின் அறுந்தது. மெக்கானிக் நாளை என்றான். நாளை என்று சொல்பவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. பேனாவை எடுத்துவிட்டேன் மேடம்.

ஜூன் 10, புதன்

இன்று நல்ல சரக்கு வந்தது.

தெற்கே அரியநாச்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் காலையில் கொலை. வெயிலுமுத்து என்று ஒரு கபடி ஆட்டக்காரன், அந்த வட்டாரத்தில் பெரிய பெயராம். சிசிடிவி படம் எங்களுக்கு மட்டும் கிடைத்தது. ரிப்போர்ட்டர் எங்கே கறந்தானோ, கேட்கவில்லை.

மேலிருந்து பார்க்கும் கேமரா. வெயிலுமுத்து பழக்கடையில் நிற்கிறான். இரண்டு பேர் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வருகிறார்கள், முகத்தில் துண்டு. முதல் வெட்டு பின்கழுத்தில். அவன் திரும்பவில்லை, கையை மட்டும் பின்னால் கொண்டுபோகிறான், கொசு கடித்த இடத்தைத் தடவுகிறவன் மாதிரி. இரண்டாவது வெட்டு அந்தக் கையில். அப்புறம் எண்ணவில்லை. கூட்டம் சிதறுகிறது. ஒரு செருப்பு மட்டும் தனியாகக் கிடக்கிறது. நான் இதை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி மங்கலாக்கினேன். பக்கத்தில் தயிர்சாதம் இருந்தது. சாப்பிட்டேன். ஐந்து வருஷம் ஆகிறது இந்த வேலைக்கு வந்து.

செய்தி ஆசிரியர் சம்பந்தம் சார் பின்னால் வந்து நின்றார். என்ன ஒளிபரப்பாக வேண்டும் என்று முடிவுசெய்கிற ஆள் அவர்தான்.

"வட்டம் எங்கடா?"

"யாருக்கு சார்?"

"வட்டம் இல்லாம படம் மொட்டையா இருக்குடா. ஜனம் எங்க பாக்கும்? ஒரு வட்டம், ஒரு அம்பு. சீக்கிரம்."

வெட்டியவர்கள் இருவரும் ஓடுகிறார்கள். ஓடுகிறவனுக்கு வட்டம் போட்டால் வட்டமும் கூடவே ஓட வேண்டும், ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்த்த வேண்டும். நேரம் இல்லை, தலைப்பு இசை போட்டுவிட்டார்கள். படத்தில் ஒரே ஓர் ஆள் நகராமல் நின்றான். கட்டணக் கழிப்பிடச் சுவரோரம், இரண்டு கையிலும் பை. அவன்மேல் போட்டேன். சிவப்பு வட்டம், துடிக்கிற மாதிரி. கச்சிதமாக உட்கார்ந்தது.

செய்தி வாசிக்கும் மெர்லின் ஸ்டுடியோவிலிருந்து மைக்கில் கேட்டாள். "பரிதி, யாரு இவன்?"

"தெரியாது."

"தெரியாமலா வட்டம் போட்ட?"

"நின்னான், போட்டேன். உனக்கு என்ன, வாசி."

"என்னன்னுடா வாசிக்கிறது? வட்டத்துக்கு ஒரு வரி வேணும்ல?"

சம்பந்தம் சார் வரி கொடுத்தார். பத்து நொடியில் எழுதினார், மனுஷனுக்கு அந்தத் திறமை உண்டு. "எல்லோரும் உயிருக்குப் பயந்து ஓட, இவர் மட்டும் ஓடாமல் நின்றது ஏன்?" மெர்லின் 'ஏன்' என்ற இடத்தில் புருவத்தைத் தூக்கினாள். படம் ஓடியது. சுற்றியது. மதியத்துக்குள் எத்தனை தரம் சுற்றியது என்று எனக்கே தெரியாது.

ஜூன் 11, வியாழன்

மற்ற சேனல்காரர்கள் எல்லாம் நம் படத்தைத் திருடிவிட்டார்கள். என் வட்டத்தோடு. வட்டம் படத்திலேயே பதிந்துவிட்டது, பிரிக்க முடியாது. ஒருத்தன் என் வட்டத்துக்கு மேலேயே இன்னொரு வட்டம் போட்டிருக்கிறான், மஞ்சளில். முட்டாள்.

சம்பந்தம் சார் பிரியாணி வாங்கித்தந்தார். நேற்றைக்கு நாம்தான் முதலிடமாம்.

யூடியூப் கருத்துகளில் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆவுடையப்பன். அரியநாச்சிபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவனாம். "ஆள் காட்டிக் குடுத்தவன் இவன்தான்" என்று ஒருத்தன். "பையில அருவா கொண்டுவந்து குடுத்ததே இவன்தான்" என்று இன்னொருத்தன். அதற்குக் கீழே ஆயிரம் விருப்பம். போலீஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை. போலீஸ் எதுவுமே சொல்லவில்லை.

சாயங்காலம் அவன் வீட்டைக் கல்லால் அடித்த படம் வந்தது. கதவு பிளந்திருந்தது. உள்ளே இருந்த, காயில் கட்டுகிற செம்புக் கம்பியை எல்லாம் தெருவில் இழுத்துப்போட்டு எரித்திருந்தார்கள். ஆள் இல்லை, பெண்டாட்டியோடு எங்கோ ஓடிவிட்டான். படம் எடுத்தவனுக்குக் கை நடுக்கம், எல்லாம் ஆடுகிறது. மூன்றாவது துண்டு மட்டும் தேறியது.

இப்போது மட்டும் ஓடத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 12, வெள்ளி

மதியம் வரவேற்பறையிலிருந்து ஒரு அழைப்பைத் தள்ளிவிட்டார்கள். "யாரோ ஒரு அம்மா, வட்டம் போட்டவங்ககிட்ட குடுங்கன்னு அழுவுறாங்க, உங்களுக்குத்தானே" என்றாள் அந்தப் பெண். சிரிப்பு வேறு.

"ஏங்க, டிவிக்காரவுகளா? நான் பேச்சியம்மா பேசுதேன். ஆவுடையப்பன் வீட்டுக்காரி."

சொல்லுங்க என்றேன்.

"எங்க வீட்டுக்கார் ஏன் ஓடலன்னு நாள் பூரா கேக்கியளே, அதச் சொல்லத்தான் போன் போட்டேன். நான் கக்கூசுக்குப் போயிருந்தேன் சார். உள்ள இருந்தேன். என்னைய விட்டுட்டு அவுக எப்படி ஓடுவாவ? வெளிய வந்தா இவள வெட்டிருவானோன்னு வாசல மறிச்சிக்கிட்டு நின்னாவ. அவ்வளவுதான் சார். வேற ஒண்ணுமில்ல."

பின்னால் ஓர் ஆண்குரல், "வெயில்ல நின்னு பேசாத பேச்சி, உள்ள வா" என்றது. அவன்தான் போல. சாதாரணக் குரல்.

சம்பந்தம் சாரிடம் சொன்னேன். வட்டத்தை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்தே நின்றுவிட்டார். "லைன்லயே புடிச்சு வைடா! போனோ! நாலு மணி ஓப்பனிங் இதுதான்!" போனோ என்றால் தொலைபேசியில் நேரடியாகப் பேசவைப்பது. ஸ்டுடியோ லைன் எல்லாம் அடைத்துக்கிடந்ததால் என் மொபைலிலிருந்தே கூப்பிட்டு இணைத்தேன். போனோவுக்கு முன்னால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: பேர், என்ன உறவு, எங்கிருந்து பேசுறீங்க. டிவி ஓடினால் சத்தத்தைக் குறைங்க.

"டிவியே போடல சார், பாக்கப் பயமா இருக்கு. கொம்பையார்குளத்துல இருக்கோம். சுடலைமுத்து வீடு. எங்க சித்தப்பா மவன்."

பேசுகிறவர் பெயர் வரும் பட்டையில் மூன்று கட்டம். பேர், யார், ஊர். மூன்றும் நிரம்பினால்தான் பட்டை திரைக்கு ஏறும், ஒன்று காலி என்றாலும் ஏறாது. நான் செய்த டெம்ப்ளேட் இல்லை, எனக்கு முன்பே இருக்கிறது.

மெர்லின் கேட்டாள், "உங்க கணவர் குற்றமே செய்யலன்னா ஏன்மா தலைமறைவா இருக்காரு?"

"வீட்டக் கொளுத்துனா வெளியவா நிக்க முடியும்?"

சம்பந்தம் சார் மெர்லின் காதில், "விடாத, விடாத, அழுதுடும்" என்றார். அழுதாள். பட்டை சரியான நேரத்தில் ஏறியது. ஒரு தடுமாற்றம் இல்லை. சத்தமும் சுத்தம், மொபைல் லைன் என்று எவனும் சொல்ல மாட்டான். சாயங்காலம் பூரா மறுஒளிபரப்பு, அப்புறம் யூடியூப்.

முடிந்ததும் பேச்சியம்மாள் என் நம்பருக்கே கூப்பிட்டு, "நீங்க ஒருத்தர்தான் தம்பி காது குடுத்துக் கேட்டிய, நல்லா இருப்பிய" என்றாள். சார் தம்பியாகிவிட்டது. இனி சரியாகிவிடும் என்று சொன்னேன்.

ஜூன் 13, சனி

விடுமுறை. துணி துவைத்தேன். பைக் வந்துவிட்டது.

ஜூன் 14, ஞாயிறு

கொம்பையார்குளத்தில் ஆவுடையப்பனை அடித்துவிட்டார்கள். அதிகாலையில், வெயிலுமுத்துவின் ஆட்கள் பத்துப் பதினைந்து பைக்கில் வந்திருக்கிறார்கள். வந்தவர்களில் ஒருவனே மொபைலில் எடுத்த படம். வெட்டாமல் அனுப்பியிருந்தான் ரிப்போர்ட்டர். முழுக்கப் பார்த்தேன். நான்தானே பார்க்க வேண்டும்.

கதவை உடைக்கவில்லை. தட்டியிருக்கிறார்கள். அவனே திறக்கிறான். லுங்கி, பனியன். காலரைத் தேடி, பனியனில் காலர் இல்லாததால் முடியைப் பிடித்து இழுக்கிறார்கள். "எதுக்குல ஓடல? எதுக்குல ஓடல?" என்று கேட்டுக் கேட்டு அடிக்கிறார்கள். எங்கள் வரி அது. சம்பந்தம் சார் எழுதிய வரி. ஒருத்தன் ஹாலோ பிளாக் கல்லைத் தூக்கிவருகிறான், கனம் தாங்காமல் பாதி வழியில் இறக்கி, இடுப்பைச் சரிசெய்து, மறுபடி தூக்குகிறான். எவனும் அவசரப்படவில்லை. கல் தலையின் ஓரத்தில் விழுகிறது. பேச்சியம்மாள் அவன்மேல் குப்புற விழுந்து மூடுகிறாள். அவளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி அடிக்கிறார்கள். சுடலைமுத்து என்கிற ஆள் கும்பிட்டுக்கொண்டே குறுக்கே போகிறான், அவனுக்கும் உதை. யாரோ "போலீஸு" என்று கத்த, கலைந்தார்கள்.

உயிர் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் ஐசியு.

எப்படி இடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று ரிப்போர்ட்டர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, நொடி போதாது.

வெள்ளிக்கிழமைப் பட்டையை ஒருதரம் திறந்து பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை. யூடியூபிலிருந்து அந்தப் போனோவை எடுத்துவிட்டேன். சத்தம் சரியில்லை என்று காரணம் போட்டேன். யாரும் கேட்கவில்லை.

அறைக்கு வந்து கண்ணாடியைக் குத்தினேன். நாலு தையல். மேடம் கேட்டால் வழுக்கி விழுந்தேன்.

ஜூன் 15, திங்கள்

வெட்டியவர்கள் சிக்கிவிட்டார்கள். இருவரும் வேறு ஊர், கபடிப் போட்டியில் ஏதோ பழைய சண்டை. எஸ்.பி. பேட்டியில் தெளிவாகச் சொன்னார்: ஆவுடையப்பனுக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பேட்டியை நான்தான் வெட்டினேன். நாற்பது நொடி. சம்பந்தம் சார் இருபதாக்கினார். அந்த வாக்கியம் போய்விட்டது.

"சார், அந்த லைன் வேணும்."

"எதுக்கு?"

"நாமதான அவனுக்கு வட்டம் போட்டோம்?"

"வட்டம்தான்டா போட்டோம். குற்றவாளின்னு எங்கயாவது சொன்னோமா? ஏன்னு கேட்டோம். கேள்வி கேக்குறது தப்பா? இப்ப மறுப்பு போட்டா நாமளே தலையில மண்ண வாரிப் போட்டுக்கிற மாதிரி. நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், நீ போய் நிப்பியா?"

மேசையில் இருந்த டீ டம்ளரைத் தட்டிவிட்டேன். அவர் சட்டையில் கொட்டியது. "கொழுப்பு" என்றார் அமைதியாக. அவர் கத்தாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பார்கள்.

வெளியே வந்தபோது பேச்சியம்மாள் போன்.

"தம்பி, அவுகளுக்குக் கண்ணு இன்னும் தொறக்கல. ஆசுபத்திரி வாசல்ல இன்னமும் பைக்ல சுத்துதானுவ. மிச்சத்தையும் முடிக்காம போவ மாட்டோங்கானுவ. போலீசு கொலகாரனைப் புடிச்சாச்சுன்னு சொன்னா, அதெல்லாம் டிவில வரட்டும் பாப்பம்ங்கானுவ. ஒரே ஒரு வார்த்தை தம்பி. இவரு இல்லன்னு ஒரு வார்த்தை டிவில போட்டிருங்க. அவனுவ அதத்தான் நம்புவானுவ."

போடுறேன்மா என்றேன்.

"இன்னைக்கே போட்டிருவியளா?"

நாளைக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

கை வலிக்கிறது, மெல்ல எழுதுகிறேன்.

மதியம் முழுக்க சம்பந்தம் சாரிடம் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ரன்டவுன் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. சரி, என் கை என்னிடம் இருக்கிறது என்று முடிவுசெய்தேன். பிரேக்கிங் பட்டை என் விசைப்பலகையில்தான் இருக்கிறது. சம்பந்தம் சார் சொல்லுவார், நான் தட்டுவேன். சொல்லாமலும் தட்டலாம். ஐந்து வருஷத்தில் ஒருதரம்கூட அப்படித் தோன்றவில்லை.

ஆறு மணிச் செய்தி. தலைப்பு இசை முடிந்தது. மெர்லின் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். ஏற்றினேன். திரையின் பாதி உயரத்துக்கு, சிவப்பில்:

ஆவுடையப்பன் குற்றமற்றவர். அவர்மேல் வட்டம் போட்டது எங்கள் தவறு. அவரைத் தாக்காதீர்கள்.

அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் குனிந்துகொண்டேன். சம்பந்தம் சார் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். விடவில்லை. தையல் போட்ட கையைப் பிடித்து மேசை விளிம்பில் அடித்தார். இரண்டு தரம். நான் தலையால் முட்டினேன், அவர் மூக்கில் பட்டது. ரத்தம் அவர் வாய்க்குள் போனது. மங்கலாக்காத ரத்தம் நேரில் பார்க்க அவ்வளவு சிவப்பாக இல்லை. இரண்டு பேர் என்னைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். அப்போது என் வயிற்றில் உதைத்தார், ஷூ காலால்.

"நாயே, ரன்டவுனைப் படிச்சியாடா? முதல் செய்தி என்னன்னு பாத்தியாடா?"

பார்க்கவில்லை. மதியத்திலிருந்து அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செத்துட்டான்டா அவன்! மத்தியானமே செத்துட்டான். ஆறு மணிக்கு ஓப்பனிங் வச்சிருந்தேன். 'தாக்காதீர்கள்'னு போட்டிருக்க. யாரடா? பொணத்தையா?"

மானிட்டரில் மெர்லின் வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே என் எழுத்து இன்னும் இருந்தது. அதற்குக் கீழே யாராலும் கவனிக்கப்படாமல், பங்குச்சந்தை ஓடிக்கொண்டிருந்தது.

காவலாளிகள் என்னைப் படி வழியாக இறக்கினார்கள். லிப்டில் ரத்தம் ஆகிவிடுமாம்.

ஜூன் 17, புதன்

வேலை போய்விட்டது, மெயில் வந்தது. சுண்டுவிரல் எலும்பு உடைந்திருக்கிறது.

மெர்லின் அழைத்தாள். "லூசு. அறிவு கெட்டவனே." "ஆனா போட்ட பாரு" என்றுவிட்டு வைத்தாள். நான் செய்தது சரி. யாராவது ஒருத்தன் செய்ய வேண்டியிருந்தது, நான் செய்தேன். அதில் சந்தேகமே இல்லை.

மதியம் பேச்சியம்மாள். எடுக்கலாமா என்று யோசிக்கும்போதே விரல் பட்டுவிட்டது.

"தம்பி, டிவில போட்டியளாமே. எல்லாரும் சொன்னாவ."

"லேட்டாயிடுச்சும்மா."

"ஆமா. இருக்கும்போது போட்டிருக்கலாம்." குற்றம் சொல்கிற குரல் இல்லை. குழம்பில் உப்பு குறைவு என்கிற மாதிரி சொன்னாள். "அவுக மேல இனி ஒரு சொல்லு இல்ல. அதுபோதும். உங்கள வேலைய விட்டுத் தூக்கிட்டாவளாமே. என்னால உங்களுக்கும் கெடுதல்."

அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. அவுக தம்பி இசக்கி, பித்துப் பிடிச்சவன் மாதிரி இருக்கான். கொம்பையார்குளத்துல நாங்க இருக்கது சுடலைமுத்துவத் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது, அவந்தான் காசு வாங்கிட்டுக் காட்டிக் குடுத்திருக்கான்னு நிக்கான். சுடலை எங்க சித்தப்பா மவன், எங்களுக்கு வீடு குடுத்து ஒதையும் வாங்குனவன். அவன் அழுவுதான். வெள்ளிக்கிழம டீக்கடை டிவில எம்பேருக்குக் கீழ ஊர் பேரு வந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேங்கான். இசக்கி நம்ப மாட்டேங்கான். சரி எங்க காட்டுல பாப்பம்னா, யூடியூபுலயும் அது இல்ல. நீங்கதான தம்பி அங்க இருந்திய. ஊர் பேரு போட்டாவளா?"

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எதுவும் யோசிக்க முடியவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "அது வேற டிபார்ட்மென்ட்."

"அப்படியா" என்றாள். "சரி தம்பி. ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

ஜூன் 18, வியாழன்

இரண்டு சேனலுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அனுபவம் ஐந்து வருஷம். விலகிய காரணம் என்ற இடத்தில், கொள்கை வேறுபாடு.

பேச்சியம்மாளுக்குக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் நானே துண்டித்தேன். திரும்பக் கூப்பிட்டாள். வண்டி ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 19, வெள்ளி

ஆலோசகர் அம்மா போன். கம்பெனி விட்டாலும் எழுதுவதை விடாதீர்களாம். மனசில் இருப்பதை அப்படியே எழுத வேண்டுமாம். அப்படியேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஜூன் 20, சனி

ஒன்றும் இல்லை.

ஜூன் 21, ஞாயிறு

மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. சுவரில் டிவி, எங்கள் சேனல். கை கட்டோடு இருப்பதால் ஸ்பூன் கேட்டேன், அதற்கே அரை மணி நேரம் இழுத்தடித்தான் அந்த ஆள். ரசம் வந்தபோது தலைப்புச் செய்திகள்.

மூன்றாவது தலைப்பு. கொம்பையார்குளம். ஒரு குளத்துக் கரை, ஒரு சைக்கிள், சாக்கால் மூடிய உடல். படம் அதிகம் இல்லை போல, அதையே சுற்றினார்கள். புதிதாக ஆள் போட்டிருக்கிறார்கள், மங்கலாக்கியதில் ஓரம் தெரிந்தது. சுடலைமுத்து, வயது முப்பத்தி நான்கு, கட்டிடத் தொழிலாளி. காலையில் வேலைக்குப் போகும் வழியில் மறித்து வெட்டியிருக்கிறார்கள். இசக்கி என்பவர் அருவாளோடு காவல் நிலையத்தில் சரண். ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் கூட்டம், அதில் ஒருத்தி தரையில் தலையை மோதிக்கொண்டிருந்தாள். நான் பேச்சியம்மாளை ஒரே ஒரு தடவை, போன ஞாயிற்றுக்கிழமைப் படத்தில், குப்புறத்தான் பார்த்திருக்கிறேன். அவளாக இருக்காது.

பக்கத்தில் சாப்பிட்டவன், "எதுக்காம்?" என்று என்னைக் கேட்டான்.

டிவியைக் காட்டினேன்.

கொலைக்குக் காரணம் முன்விரோதம் என்று மெர்லின் வாசித்தாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.